அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினில் வால்வ் சீல் மாற்றுவது எப்படி

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து நீலப் புகை குப்பென்று கிளம்பி, ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறதா? ஏற்காடு மாதிரி மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாம் கியரில் இறங்கி, அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும்போது பின்னால் வருகிறவருக்குச் சாலையே தெரியாத அளவுக்குப் புகைகிறதா? இரண்டும் வால்வ் சீல் போனதற்கான அடையாளங்கள். இரவு முழுக்க ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகம்) மேல் தங்கியிருந்த ஆயில் வால்வ் தண்டு வழியே சொட்டி உள்ளே இறங்கியிருக்கும். அதுதான் காலைப் புகை. இறக்கத்தில் திராட்டில் மூடியிருப்பதால் இன்லெட் பக்கம் உறிஞ்சும் விசை அதிகம். அந்த விசை, வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடு வழியாக ஆயிலை இழுக்கிறது. இழுத்த ஆயில் எல்லாம் அடுத்த மிதியில் எரிகிறது.

ஏற்றத்தில் லோடு இழுக்கும்போது விடாமல் புகைந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் உள்ளிருந்து காற்று குபுகுபுவென்று வந்தால், சந்தேகம் பிஸ்டன் ரிங் மேல் போக வேண்டும். கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். முதலில் உலர்ந்த நிலையில் நாலு சிலிண்டரையும் அளந்து, பிறகு ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. வெறும் சீல் மாற்றிப் பயனில்லை. ஏறவில்லை, நாலும் ஏறக்குறைய சமம், ஆனாலும் ஆயில் குறைகிறது என்றால் வேலை ஹெட்டில்தான்.

ஹெட்டைத் தொடும் முன் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. ஹெட்டின் உச்சியில் உள்ள மூடியான ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது கசடால் அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் இருந்தாலும் ஆயில் வெளியே தள்ளப்படும். குழாயைச் சுத்தம் செய்து நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம்.

இந்தக் குறிப்பு 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பொருத்திய அம்பாசடர்களுக்கு. இது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம்; 1955-இல் வந்த எம்ஜிஏ காரிலும், அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு மூன்றாம் சீரிஸிலும் இருந்தது இதே எஞ்சின்தான். பிற்காலத்தில் வந்த இசுசு 1.8 எஞ்சினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கும். அதன் சீல் அமைப்பும் கழற்றும் முறையும் வேறு.

சீல் எங்கே இருக்கிறது, ஏன் போகிறது

இன்றைய கார்களில் கைடின் தலையில் தொப்பி மாதிரி அழுத்தி மாட்டிய சீல் இருக்கும். இந்த எஞ்சினில் அப்படி இல்லை. வால்வ் தண்டின் உச்சியில் லாக் (ஸ்பிரிங் கேப்பைத் தண்டோடு பூட்டும் இரண்டு சிறு துண்டுகள்) உட்காரும் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே, ஸ்பிரிங்கின் தலையிலுள்ள கேப்பின் உள்ளே, ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கிறது. கேப்பின் துளை வழியாகவும் லாக்கின் இடுக்கு வழியாகவும் ஆயில் தண்டில் வழிந்து இறங்காமல் தடுப்பது அதுதான். கேப்புக்கு அடியில் தொங்கும் தகட்டுக் கிண்ணம் கைடின் தலைமேல் ஆயில் தெறிக்காமல் மறைக்கிறது. மொத்த ஏற்பாடும் இவ்வளவுதான்.

வருடக்கணக்கில் சூடேறி ஆறிய அந்த வளையம் கல்லாகிவிடும். பழைய எஞ்சினைத் திறந்தால் அது உடைந்து, கறுப்புத் துணுக்குகளாக எஞ்சினின் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பில் கிடப்பது சாதாரணம். சம்ப்பிலுள்ள ஆயில் வடிகட்டியான ஸ்டிரெய்னரில் அப்படித் துணுக்கு கண்டால் எட்டு வளையமும் அதே கதிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வளையம் கைடின் தேய்மானத்தை ஈடுகட்டாது. கைடு துளை பெரிதாகிவிட்ட ஹெட்டில் புது வளையம் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டர் புகை குறைந்த மாதிரி இருக்கும், பிறகு பழைய நிலைதான். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் தேய்ந்திருந்தாலும் அப்படியே: அங்கிருந்து ஆயில் மழையாகக் கொட்டும்போது எந்தச் சீலும் தாங்காது. அதனால் அளந்து பார்க்காமல் சீலை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

ஹெட்டைக் கழற்றாமல் செய்யலாமா

நிறைய எஞ்சின்களில் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்க வைத்து, ஹெட் இருந்த இடத்திலேயே சீல் மாற்றுவார்கள். இந்த எஞ்சினில் அதில் ஒரு பொறி இருக்கிறது. ராக்கர் ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்டாண்டுகள் நாலு. ஒவ்வொன்றிலும் இரண்டு நட்டு. சின்னது ஸ்டாண்டை மட்டும் பிடிக்கிறது, பெரியது ஸ்டாண்டோடு சேர்த்து ஹெட்டையும் பிடிக்கிறது. ஹெட்டைப் பிடிக்கும் 11 ஸ்டட்டில் நாலு இவைதான். ராக்கரைக் கழற்ற இந்த நாலை மட்டும் தளர்த்தினால், மற்ற ஏழும் இறுக்கமாக இருக்க, ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டுக் கோணும். கேஸ்கெட் வழியே தண்ணீர் சிலிண்டருக்கும் சம்ப்புக்கும் இறங்கும். ஆகவே ராக்கரைக் கழற்றுவதானால் முதலில் கூலண்டை வடித்து, பதினொரு நட்டையும் சேர்த்தே படிப்படியாகத் தளர்த்த வேண்டும். டேப்பெட் சத்தம் பார்க்க ராக்கரை மட்டும் கழற்றி மாட்டிய வண்டிகள் அடுத்த மாதமே ஆயிலில் தண்ணீர் கலந்து வந்து நிற்பதற்குக் காரணம் இந்த ஒரு விஷயம்தான்.

ஹெட் கேஸ்கெட் சமீபத்தில் மாற்றியது, கைடும் நல்ல நிலை என்று தெரியும் என்றால் மட்டும் ஹெட்டோடு செய்யலாம். ராக்கரை எடுத்தபின் நாலு ஸ்டட்டிலும் ஸ்டாண்டின் உயரத்துக்குச் சமமாக வெட்டிய கனமான இரும்புக் குழாய்த் துண்டை மாட்டி, பழைய நட்டுகளைப் போட்டு, பதினொன்றையும் முறையான அளவுக்கு இறுக்க வேண்டும். அதன் பிறகே பிளக் துளையில் அடாப்டர் மாட்டிக் காற்று விட வேண்டும். வேலை செய்யும் சிலிண்டரின் பிஸ்டன் சரியாக மேலே நிற்கட்டும். வண்டி நாலாம் கியரில், கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து இருக்கட்டும். பிஸ்டன் துளி விலகியிருந்தாலும் காற்று எஞ்சினைச் சுழற்றிவிடும். ஃபேன் பக்கம் கை இருக்கக் கூடாது. கம்ப்ரசர் இல்லையென்றால் பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது பிரியில்லாத நைலான் கயிறு ஒன்றரை மீட்டர் போல உள்ளே திணித்து, வெளி நுனியில் முடிச்சுப் போட்டு, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் எஞ்சினைக் கையால் திருப்பி பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிறே வால்வைத் தாங்கும். எந்த வழியானாலும் புஷ் ராட் (கீழிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) துளைகளைத் துணியால் அடைக்க மறக்காதீர்கள். லாக் ஒன்று கீழே விழுந்தால் சம்ப்பை இறக்கித் தேட வேண்டியிருக்கும்.

நட்டுகளைத் தளர்த்தும் வேலை எப்படியும் இருக்கிறது என்பதால், கேஸ்கெட் பழையது என்றால் ஹெட்டைக் கழற்றிவிடுவதே நல்லது. கைடை அளக்கலாம், வால்வைத் தேய்க்கலாம், ஹெட் கோணியிருக்கிறதா என்று பார்க்கலாம். கீழே உள்ளது அந்த முறை.

வாங்க வேண்டியவை

வால்வ் ஓ-ரிங் 8 வேண்டும், 12 வாங்குங்கள். போடும்போது ஒன்றிரண்டு அறுபடும். ஹெட் கேஸ்கெட், ராக்கர் கவர் கார்க், மேனிஃபோல்டு கேஸ்கெட், தெர்மோஸ்டாட் கேஸ்கெட் ஆகியவை டாப் பேக்கிங் செட்டிலேயே வரும். லாக் மேல் மாட்டும் சிறு சர்க்ளிப் உங்கள் எஞ்சினில் இருந்தால் அதுவும் 8. கூலண்ட், புது ஆயில், ஆயில் ஃபில்டர், வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் ஒரு டப்பா.

வளையத்தை ஹார்ட்வேர் கடையில் ‘கிட்டத்தட்ட இந்த சைஸ்’ என்று வாங்காதீர்கள். தண்டின் குறுக்களவு சுமார் 8.7 மில்லிமீட்டர்; வளையம் தண்டைக் கவ்வவும் வேண்டும், கேப்பின் உட்சுவரைத் தொடவும் வேண்டும். தடிமன் கொஞ்சம் கூடினால் லாக் முழுதாக உட்காராது, குறைந்தால் ஆயில் நிற்காது. பி-சீரிஸுக்கென்று விற்பதையே கேளுங்கள். நைட்ரைல் ரப்பரை விட வைட்டான் சூட்டை அதிகம் தாங்கும். கிடைத்தால் அதுவே மேல்.

கருவியில் சி வடிவ வால்வ் ஸ்பிரிங் கம்ப்ரசர், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், காந்தக் குச்சி ஆகியவை கட்டாயம். டயல் கேஜ் இருந்தால் நல்லது. நட்டுகள் அங்குல அளவு: சின்னதற்கு 1/2, பெரியதற்கு 9/16 ரிங் ஸ்பானர். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் 1/2 நட்டில் ஏறும், ஆனால் இறுகிய நட்டின் முனையை உருட்டிவிடும்.

கழற்றுதல்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஹெட் நட்டைத் தளர்த்தினால் கோணும். பேட்டரியைக் கழற்றி, ரேடியேட்டர் குழாயோடு பிளாக்கின் குழாயையும் திறந்து தண்ணீரை வடியுங்கள். பிளாக் குழாய் பெரும்பாலும் துருவால் அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறக்கவில்லையென்றால் ஹெட்டைத் தூக்கும்போது மிச்சத் தண்ணீர் சிலிண்டரில் போகும். பிறகு மேல் ஹோஸ், ஏர் கிளீனர், கார்புரேட்டர் இணைப்புகள், சைலன்சர் குழாய், பிளக் வயர்கள், டெம்பரேச்சர் சென்சர் ஆகியவற்றைக் கழற்றுங்கள்.

பதினொரு நட்டையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, குறுக்கு மறுக்காக, ஒரு சுற்றுக்குக் கால் திருகு என்று தளர்த்துங்கள். ஸ்டாண்டின் சின்ன நட்டுகளும் இந்தச் சுற்றில் சேர்த்திதான். ராக்கர் ஷாஃப்ட்டை மொத்தமாகத் தூக்கி எடுங்கள். புஷ் ராடை நேராக இழுக்காமல் திருகித் திருகி எடுக்க வேண்டும். அடியில் ஆயில் பிடிப்பில், புஷ் ராட் உட்காரும் கிண்ணமான டேப்பெட்டும் கூடவே ஒட்டி ஏறி, பாதியில் கழன்று விழும். அட்டையில் எட்டு துளை போட்டு 1 முதல் 8 வரை எண்ணிட்டு, எடுத்த வரிசையிலேயே குத்தி வையுங்கள். வால்வும் அதே எண்ணில்தான் திரும்பப் போக வேண்டும்.

ஹெட் ஒட்டிக்கொண்டு வரவில்லையென்றால் இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். மேற்பரப்பில் விழும் ஒரு கீறலே பிறகு கேஸ்கெட் ஊதுவதற்குப் போதும். பிளக்குகள் மாட்டியிருக்க, பேட்டரியை இணைத்து ஸ்டார்ட்டரை ஒரு நொடி சுழற்றினால், புஷ் ராட் இல்லாததால் வால்வெல்லாம் மூடியிருந்து, உள்ளே சேரும் கம்ப்ரெஷனே ஹெட்டை விடுவித்துவிடும். இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். முழு வார்ப்பிரும்பு ஹெட், கனம் அதிகம். இரண்டு பேராக நேர் மேலே தூக்க வேண்டும்.

மேசையில் வைத்து, சர்க்ளிப் இருந்தால் முதலில் எடுங்கள். கம்ப்ரசரை மாட்டும் முன் கேப்பின் மேல் ஒரு பழைய சாக்கெட்டை வைத்து லேசாக ஒரு தட்டு. பிசினால் ஒட்டிய லாக் விட்டுக்கொடுக்கும். அழுத்தி, லாக்கைக் காந்தத்தால் எடுத்து, கேப், கிண்ணம், ஸ்பிரிங் என்று வரிசையாகக் கழற்றுங்கள். பழைய வளையத்தை ஊசியால் கிளப்பி எடுங்கள்.

வால்வை உருவும் முன் தண்டின் நுனியையும் லாக் பள்ளத்தின் விளிம்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள். ராக்கர் அடித்து அடித்து அங்கே மெல்லிய பிசிறு எழும்பியிருக்கும். எண்ணெய்க் கல்லால் அதை வழித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் உருவும்போது கைடைக் கீறும், திரும்பப் போடும்போது புது வளையத்தை அறுக்கும்.

கைடைப் பார்ப்பது

முன்னிருந்து பின்னாக வால்வ் வரிசை எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், மறுபடி அதே வரிசை. இன்லெட் வால்வின் பின்பக்கம் ஈரமான கறுப்புக் கரி தடிமனாகப் படிந்திருந்தால் அந்தக் கைடு வழியாகத்தான் ஆயில் போகிறது. நாலு இன்லெட்டும் ஒரே மாதிரி ஈரமென்றால் வளையம் போனது. ஒன்றிரண்டு மட்டும் என்றால் அந்தக் கைடுகளைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்டைச் சுத்தம் செய்து, கைடில் உலர்வாக விட்டு, வால்வ் உட்காரும் சீட்டிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சரியான அளவு வேண்டுமானால் தண்டை மைக்ரோமீட்டரிலும் கைடின் உள்விட்டத்தைச் சின்ன போர் கேஜிலும் எடுக்க வேண்டும். புதிதில் இன்லெட்டில் இடைவெளி 0.0015 முதல் 0.0025 அங்குலம், எக்ஸாஸ்ட்டில் 0.002 முதல் 0.003. இன்லெட்டில் 0.005-ஐத் தொட்டால் கைடு மாற்றுவதே சரி. கைடு உட்காரும் உயரத்தைப் பழையதைத் தட்டும் முன்பே வெர்னியரில் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தட்டி எடுத்த பிறகு அந்த அளவு கிடைக்காது. கைடு மாற்றினால் தண்டுக்கேற்ப ரீமர் ஓட்டி, 45 டிகிரி சீட்டையும் புதுக் கைடை மையமாக வைத்து வெட்ட வேண்டும். இது லேத் பட்டறை வேலை.

பட்டறைக்குப் போவதென்றால் எக்ஸாஸ்ட் சீட்டையும் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம் பழைய வார்ப்பிரும்பு சீட்டுக்கு ஒரு காப்பாக இருந்தது. இப்போது எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி டேப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வ் தண்டின் நுனிக்கும் நடுவே விடும் இடம்) குறைந்துகொண்டே போகும். கடினமான சீட் வளையம் இறக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

சிலர் இன்லெட் கைடின் தலையைக் கடைந்து இன்றைய தொப்பி சீல் போடுகிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. வால்வ் முழுக்கத் திறக்கும்போது கேப்பின் அடிப்பக்கம் சீலின் தலையில் இடிக்கக் கூடாது, குறைந்தது 1.5 மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். தகட்டுக் கிண்ணத்துக்கு அங்கே இடமிருக்காது, எடுத்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட்டில் தொப்பி சீல் வேண்டாம். அங்கே உறிஞ்சும் விசை இல்லை, சூடு அதிகம். தண்டுக்குக் கொஞ்சம் ஆயில் போனால்தான் வால்வ் பிடிக்காமல் ஓடும்.

வளையம் போடும் தருணம்

வால்வைப் பேஸ்ட் வைத்துத் தேய்த்து, மண்ணெண்ணெயில் பேஸ்ட் துளியும் இல்லாமல் கழுவுங்கள். புது வளையங்களைச் சுத்தமான எஞ்சின் ஆயிலில் சற்று நேரம் ஊறவிடுங்கள்.

வரிசை தவறினால் எல்லாம் வீண் என்பதால் இதைக் கவனமாகச் செய்யுங்கள். தண்டில் ஆயில் தடவி வால்வைக் கைடில் விட்டு, ஸ்பிரிங், கிண்ணம், கேப் எல்லாம் வைத்து, கம்ப்ரசரால் அழுத்துங்கள். இப்போது கேப்புக்கு மேலே தண்டின் நுனியும் லாக் பள்ளமும் தெரியும். பள்ளத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் சுற்றி, வளையத்தை நுனி வழியாக இறக்கி, பள்ளத்தைத் தாண்டி அதற்கு நேர் கீழே வழவழப்பான பகுதியில் நிறுத்துங்கள். முறுக்கிக்கொள்ளாமல் சுற்றிலும் மட்டமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கை உருவிவிட்டு, லாக் இரண்டையும் கிரீஸ் தொட்டுப் பள்ளத்தில் ஒட்டவைத்து, கம்ப்ரசரை மெல்லத் தளர்த்துங்கள். கேப் ஏறிவந்து வளையத்தையும் லாக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

பலரும் கெடுப்பது இங்கேதான். வளையத்தை முதலில் தண்டில் மாட்டிவிட்டுப் பிறகு கேப்பை வைத்து அழுத்துவார்கள். கேப் அதைத் தன்னோடு கீழே தள்ளிக்கொண்டு போய், தண்டின் நடுவில் எங்கோ விட்டுவிடும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். வண்டி மட்டும் முன்போலவே புகையும். வளையத்தைப் பள்ளத்துக்குள்ளேயே மாட்டிவிடுவது இன்னொன்று. அப்போது லாக் பாதிதான் உட்காரும். ஓடும்போது கழன்றால் வால்வ் சிலிண்டருக்குள் விழும், பிஸ்டனோடு ஹெட்டும் போகும்.

எட்டும் முடிந்ததும் சர்க்ளிப் மாட்டி, ஒவ்வொரு தண்டின் நுனியையும் மரச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். சரியாக உட்காராத லாக் இப்போதே தெறித்துவிடும். முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். பிறகு ஹெட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். வால்வ் விளிம்பில் கசிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

பிளாக் பரப்பையும் ஸ்டட் மரைகளையும் சுத்தம் செய்து, நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட்டின் சமத்தைப் பாருங்கள். கேஸ்கெட்டில் மேல்பக்கம், முன்பக்கம் குறித்திருக்கும். திருப்பிப் போட்டால் தண்ணீர்த் துளைகள் பொருந்தாது. ஹெட்டை இறக்கி, புஷ் ராட் ஒவ்வொன்றும் டேப்பெட்டின் குழியில் உட்கார்ந்ததை உறுதி செய்து, ராக்கரின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ எட்டையும் முழுக்கத் தளர்த்திவிட்டு ராக்கர் ஷாஃப்ட்டை வையுங்கள். ஸ்க்ரூவைத் தளர்த்தாமல் இறுக்கினால் புஷ் ராட் வளையும். ஆயில் ஏறும் ஸ்டாண்டின் துளை அடைபடாமல் இருக்க வேண்டும்.

பதினொரு நட்டையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, மூன்று தவணையில், உங்கள் மாடலின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். ஸ்டாண்டின் சின்ன நட்டுகளுக்கு 25 பவுண்டு-அடி.

டேப்பெட் இடைவெளி எஞ்சின் ஆறிய நிலையில் 0.015 அங்குலம். ஒன்பது கணக்கில் வைப்பது சுலபம்: 8-ம் வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐ வையுங்கள், 6 திறந்திருக்கும்போது 3, 4 திறந்திருக்கும்போது 5. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

புது ஆயில், கூலண்ட் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ராக்கர் கவரை மூடும் முன் ஐடிலில் ஓடவிட்டு எட்டு ராக்கருக்கும் ஆயில் வருகிறதா என்று பார்ப்பது நல்லது. முதல் சில ஓட்டங்களில் புகை இருக்கத்தான் செய்யும். சைலன்சரிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் ஏற்கெனவே தோய்ந்திருக்கும் ஆயில் எரிந்து தீர வேண்டும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி திறக்காதீர்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி அளவு பார்த்து இறுக்குங்கள். இறுக்கியதும் டேப்பெட் இடைவெளி குறைந்திருக்கும், எட்டையும் மறுபடி வைக்க வேண்டும்.